பத்தாம் வகுப்பும் நூறு சதவீதமும்

கணக்கு டீச்சராக இருப்பவர்களுக்குத் தெரியும், நம்மைக் கண்டதும் ஊரில் பாதிப் பேர் தங்களுடைய பழைய மார்க்கைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, பல் டாக்டர், சிலிண்டர் போடுகிறவர் என்று யாராக இருந்தாலும், தனக்குக் கணக்கென்றாலே ஆகாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தமிழ் டீச்சரிடம் போய் எனக்குத் தமிழே வராது என்று யாரும் பெருமையடிப்பதில்லை. அந்தப் பாக்கியம் நமக்கு மட்டும்தான்.

நான் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய், குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். வருஷா வருஷம் பத்தாம் வகுப்பு என் தலையில்தான். இங்கே சொல்வது ஒரே ஒரு வருஷத்துக் கதை. நீங்களும் பத்தாம் வகுப்பு எடுத்தவராக இருந்தால், அல்லது வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளையை வைத்திருந்தால், பாதியிலேயே பெருமூச்சு வரும். அடக்காதீர்கள்.

தத்து

எங்கள் ஹெச்.எம். அந்தோணிசாமி சார், ஏலாக்குறிச்சிப் பக்கத்து மனிதர். அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், அண்ணன் தம்பி எல்லோரும் வாத்தியார்கள். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உட்கார்ந்தாலும் தேர்ச்சி சதவீதம்தான் பேசுவார்களாம். நல்ல மனுஷர், பிள்ளைகளை வாடா போடா என்றுகூடச் சொல்ல மாட்டார். ஆனால் மேலதிகாரிகள் மீட்டிங் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், அன்றைக்கு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார்.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் அப்படி ஒரு மீட்டிங் போய் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. இந்த வருஷம் நூறு சதவீதம், ஒருத்தரும் விடுபடக்கூடாது என்று எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். தேறுவது கஷ்டம் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஆளுக்குக் கொஞ்சமாகத் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். என் பங்குக்கு மூன்று பேர் வந்தார்கள். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத வேல்முருகன், முதல் பீரியடிலேயே தூங்கிவிடுகிற பிரகாஷ், வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கே வராத சரண்யா. மூன்று பேருக்கும் கணக்கில் மட்டுமில்லை, எல்லாப் பாடத்திலும் தகராறு. இவர்களை நான் எப்படி சார் தேற்றுவது என்று கேட்டேன். அவர் மேஜை மேலிருந்த மாதா படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அடைக்கல மாதாவுக்கு வேண்டியிருக்கேன் டீச்சர். நீங்க கொஞ்சம் கணக்கும் சொல்லிக் குடுங்க."

எங்கேயிருந்து வந்தான்

வகுப்பிலேயே அழகான நோட்டு வேல்முருகனுடையது. போர்டில் எழுதிப்போட்டதை அச்சு மாதிரி எழுதியிருப்பான். இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவன் பரீட்சையில் ஏன் வெறும் தாளைக் கொடுக்கிறான் என்று எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் எழுப்பி, புத்தகத்தில் இருந்த கணக்கை வாசிக்கச் சொன்னேன். நின்றான். மறுபடி சொன்னேன். நின்றான். பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. திமிர் என்று நினைத்து நானும் நன்றாகக் கத்திவிட்டேன். சாயங்காலம் தனியாக உட்காரவைத்து அதே கணக்கைக் காட்டினேன். 'ஒ', 'ரு' என்று விரல் வைத்துத் தடவினான். அடுத்த வார்த்தை 'வட்டத்தின்'. அங்கேயே விரல் நின்றுவிட்டது. அவன் எழுதியதெல்லாம் எழுத்து இல்லை, படம். போர்டைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான். பையன் பத்தாம் வகுப்பு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தமிழ் டீச்சர் மலர்க்கொடியிடம் போனேன். ஒன்பதாம் வகுப்பில் தன்னிடம் வரும்போதே அப்படித்தான் வந்தான் என்றாள். எங்களுக்கு எதிரிலேயே ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அவன் எட்டாவது வரை அங்கேதான் படித்தான். அங்கே போய்க் கேட்டேன். எட்டாம் வகுப்பு சார், ஆறாவதில் வரும்போதே அப்படித்தான் வந்தான் என்றார். சின்ன வகுப்பு டீச்சரைப் பிடித்தேன். அவர் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னார். இரண்டாவது படிக்கும்போது அவன் அம்மா இறந்துவிட்டாள். அப்பாவுக்கு அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. பையனைக் கொஞ்ச நாள் அத்தை வீடு, கொஞ்ச நாள் சித்தப்பா வீடு என்று மாற்றி மாற்றி விட்டார்கள். திரும்பி வந்தபோது நாலாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் எல்லோரும் பாஸ் போட்டு அடுத்தவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வெளியே வந்தால், அங்கன்வாடி டீச்சர் கேட்டைப் பூட்டிக்கொண்டு நின்றார். இருந்த எரிச்சலில் அவரையும் விடவில்லை, உங்களிடம் எப்படி வந்தான் என்று கேட்டுவிட்டேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"எங்கிட்ட வந்தப்ப அவனுக்கு மூணு வயசுங்க டீச்சர். நல்லாத்தான் வந்தான்."

மீசை முளைத்தவனுக்கு அணில்

மலர்க்கொடி மனசு கேட்காமல் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து, மதிய இடைவேளையில் வேல்முருகனை உட்காரவைத்தாள். அவன் எங்கள் இரண்டு பேரையும்விட உயரம். மேலுதட்டில் மீசை எட்டிப்பார்க்கிறது. அந்தப் புத்தகத்தில் அணில் கொய்யாப்பழம் தின்கிறது. ஜன்னல் பக்கம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றதும், புத்தகத்தை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டானாம். மறுநாள் மதியம் ஆளைக் காணோம். அதற்கடுத்த நாளும் இல்லை. இவனுக்கு உதவி செய்யப்போய், சாப்பாட்டு வேளையில் ஊர் முழுக்கத் தேடுகிற வேலையும் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

நான் பழைய பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளை எடுத்தேன். கணக்குத் தாளில் படம் வரைகிற கேள்விக்கும் கிராஃபுக்கும் நல்ல மார்க் உண்டு. இவன்தான் எதையும் பார்த்து வரைகிறவன் ஆயிற்றே. அந்தக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். கேள்வித்தாளைப் படிப்பதில் யாருக்கும் கூச்சமில்லை, பத்தாம் வகுப்பில் எல்லோரும் அதைத்தான் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். 'ஆரம்' என்று தானாகப் படித்தான். 'மையம்' படித்தான். 'தொடுகோடு' படிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. படித்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் ஓடிப்போய் மலர்க்கொடியிடம் சொன்னால், அவள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

"தமிழ் எழுத்தை நீங்க சொல்லிக் குடுத்துட்டீங்க. அப்ப அந்தக் கிராஃபை நான் வேணா நடத்தட்டுமா?"

மொட்டை மாடிப் பயிற்சி

நடுவில் ஆன்லைன் பயிற்சி ஒன்று வந்தது. ஒவ்வொரு மாணவரையும் வெற்றிபெறச் செய்வது எப்படி என்பது தலைப்பு. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை. எங்கள் பள்ளியில் டவர் கிடைக்கிற ஒரே இடம் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கம். ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறி, தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். முகம் தெரிய வேண்டும், கேமராவை அணைக்கக்கூடாது என்று உத்தரவு. போனில் பேசியவர் நல்ல குரல். எந்தப் பிள்ளையையும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள் என்று உருக்கமாகச் சொன்னார். நாங்கள் மாடியில் உருகிக்கொண்டிருந்தோம், கீழே பத்தாம் வகுப்பில் பாடம் நடத்த ஆளே இல்லை.

மறுநாளும் பயிற்சி தொடர்ந்தது. நான் போன் சார்ஜரைத் தேடி வகுப்புக்குள் எட்டிப்பார்த்தேன். பிரகாஷ் அபூர்வமாக விழித்திருந்தான். எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டான்:

"இன்னிக்கும் எங்களை எப்படிப் பாஸ் பண்ண வைக்கிறதுன்னுதான் கிளாஸா டீச்சர்? அப்ப நாங்க கிரவுண்டுக்குப் போயிடட்டுமா?"

யாஸ்மினின் அம்மா

எங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் யாஸ்மின். நான் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அவளைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, அவள் பாஸாகிவிடுவாள். ஹெச்.எம்.முக்கு ஒரு யோசனை வந்தது. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸில் யாஸ்மினை வேல்முருகனுக்கும் பிரகாஷுக்கும் சொல்லிக்கொடுக்க வைத்தால் என்ன? எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. எனக்கோ மூன்று பேரையும் ஒரே நேரத்தில் கட்டி மேய்க்க முடியவில்லை. யாஸ்மினும் முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் அவள் அம்மா ஜன்னத் வந்தார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து எங்கள் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வீட்டுக்காரர் சவூதியில். அவரையும் வீடியோ காலில் கூட்டிவந்திருந்தார். அவர் எனக்கு சலாம் சொல்லி, மகளைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தார், படம் அப்படியே நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி நின்ற அவரை என் மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு ஜன்னத்தே பேசினார். கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார், குரலைக்கூட உயர்த்தவில்லை. மகள் வீட்டுக்கு வந்ததும் அலுத்துப்போய்ப் படுத்துவிடுகிறாள், புதிதாக எதுவும் படிக்கிற மாதிரி தெரியவில்லை, போன வருஷம் கேட்ட கேள்வியையெல்லாம் இப்போது கேட்பதில்லை என்றார். நான் சமாளித்துப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்தால் அவளுக்கும் பாடம் மனசில் நிற்கும் என்றேன். எனக்கே அது பள்ளிக்கூடத்து வசதிக்காகச் சொல்கிற வார்த்தையாகத்தான் கேட்டது. அவர் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எம்மவ படிக்க வந்தாளா, படிச்சுக்குடுக்க வந்தாளா டீச்சர்? நல்லாப் படிக்கிற புள்ளைக்கு உங்க பள்ளிக்கூடத்துல டீச்சரே கெடையாதா?"

பந்தி

யாஸ்மினை அந்த வேலையிலிருந்து விடுவித்து, அவளுக்கென்று கடினமான கணக்குகளாகத் தேடிக் கொடுக்க ஆரம்பித்தேன். அதில் என் ஞாயிற்றுக்கிழமை போனது. பாக்கியிருந்தது பிரகாஷின் தூக்கம். முகம் கழுவச் சொன்னேன், முதல் பெஞ்சுக்கு மாற்றினேன், நிற்கவைத்தேன். நின்றுகொண்டே தூங்கினான். ராத்திரியெல்லாம் போனைப் பார்க்கிறான் என்று முடிவு கட்டி, அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் போனைப் பிடுங்கிவைக்கச் சொன்னேன். அவனிடம் போனே இல்லை என்றார் அந்த அம்மா. அதையும் நான் நம்பவில்லை.

ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு அரியலூர் போயிருந்தேன், சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே சாம்பார் வாளியோடு பிரகாஷ். தலையில் தொப்பி, கையில் உறை. என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை, பக்கத்துப் பையனை அதட்டி எனக்கு இன்னொரு வடை போடச் சொன்னான். பந்தி முழுக்க அவன் கண்ணசைவில்தான் நடந்தது. யாருக்குச் சோறு வேண்டும், எந்த இலையில் ரசம் இல்லை, எந்தப் பெரியவர் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. கைகழுவுகிற இடத்தில் பிடித்துக்கொண்டேன். பரிமாறுகிற செட்டோடு விடிய விடிய வேலை பார்த்துவிட்டு, அப்படியே பள்ளிக்கு வந்து தூங்குவதை ஒத்துக்கொண்டான். படிப்பு முக்கியமில்லையா, பத்தாவதுகூடத் தேறவில்லை என்றால் என்னடா செய்வாய் என்று கேட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னான்:

"இங்க நான் வரலைன்னா பந்தியே ஆரம்பிக்க மாட்டாங்க டீச்சர். அங்க நான் வரலைன்னா நீங்க நிம்மதியா பாடம் நடத்துவீங்க."

பேனா மூடி

அதற்கப்புறம் பிரகாஷை வகுப்பில் ஒரு வேலையும் இல்லாமல் விட்டதில்லை. டெஸ்ட் பேப்பர் கொடுப்பது, வாங்குவது, யார் எழுதவில்லை என்று பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. முகூர்த்தம் இல்லாத நாளில் விழித்திருந்தான், அதுவே பெரிய விஷயம். அரையாண்டுத் தேர்வு முடிந்தது. பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் பெயரை அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. வேல்முருகன் கணக்கில் கிட்டத்தட்டத் தேறியிருந்தான், மற்ற எல்லாவற்றிலும் ஃபெயில். ஹெச்.எம். என்னிடம் சொல்லாமலே அவன் அப்பா செல்வராஜை வரச்சொல்லிவிட்டார். பையனுக்கு டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து தனியாகப் பரீட்சை எழுதட்டும் என்று பேச்சு. அப்போது அவன் ஃபெயிலானாலும் பள்ளியின் சதவீதத்தில் சேராது. நான் விஷயம் தெரிந்து ஹெச்.எம். அறைக்குப் போனபோது, செல்வராஜ் குவாரித் தூசியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வேல்முருகன் சுவரோரம் நின்றான்.

ஹெச்.எம். நல்லவிதமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பையன் நன்மைக்காகத்தான் என்றார். இவன் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் சார், பஸ்ஸில் போர்டு படிக்கிறான், கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்கிறான், இந்த நேரத்தில் வெளியே அனுப்பினால் வீட்டிலிருந்து யாருமே பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள் என்றேன். எல்லோருக்கும் முன்னால் ஹெச்.எம்.மிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். செல்வராஜ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் சண்டை தன்னால்தான் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். ஹெச்.எம். பேனா மூடியைக் கழற்றினார். அப்போதுதான் சுவரோரத்திலிருந்து வேல்முருகன் பேசினான், அந்த அறையில் அவன் பேசியது அது மட்டும்தான். நாளைக்கு கிராஃப் டெஸ்ட் இருக்கிறது, அதை மட்டும் எழுதிவிட்டுப் போகலாமா என்று என்னைக் கேட்டான்.

ஹெச்.எம். பேனாவைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு, செல்வராஜை அனுப்பிவைத்தார். பையனையும் வகுப்புக்குப் போகச் சொன்னார். அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார்:

"அவன் பேரை அனுப்பிடறேன். ஃபெயிலாயிட்டான்னா அடுத்த மீட்டிங்குக்கு எனக்குப் பதிலா நீங்க போங்க டீச்சர்."

வெங்காயம்

தை பிறந்ததும் சரண்யா வருவதையே சுத்தமாக நிறுத்திவிட்டாள். சின்ன வெங்காயம் பறிக்கிற காலம். எங்கள் பக்கத்தில் வெங்காயம் விளைந்துவிட்டால் வீட்டில் ஒருத்தரும் சும்மா இருக்க முடியாது. போன் போட்டால் எடுக்கவில்லை. பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன், தகவல் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது, அவ்வளவுதான். கடைசியில் சனிக்கிழமை நானே அவர்கள் வெங்காயக் காட்டுக்குப் போய்விட்டேன். சரண்யா என்னைப் பார்த்ததும் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா மற்ற பெண்களோடு வேப்பமர நிழலில் வெங்காயத்தாள் அறுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சாக்கை விரித்து, பக்கத்தில் உட்காரவைத்தார்.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். மாதிரித் தேர்வு நெருங்கிவிட்டது, செய்முறைத் தேர்வு இருக்கிறது, இவள் கொஞ்சம் உட்கார்ந்தால் நிச்சயம் தேறிவிடுவாள் என்றேன். அந்த அம்மா மறுக்கவில்லை, ஆள் கிடைக்காத கஷ்டத்தைச் சொன்னார். மழை வந்தால் எல்லாம் அழுகிப்போகும் என்றார். அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். அந்தக் குவியலின் காரம் நேராக என் கண்ணில் ஏறியது. துடைக்கத் துடைக்கக் கொட்டுகிறது, மூக்கும் ஒழுகுகிறது, முந்தானை நனைந்துவிட்டது. ஆனாலும் விடாமல், சரண்யா படித்தே ஆக வேண்டும் என்று தொண்டையடைக்கப் பேசிக்கொண்டிருந்தேன். சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். சரண்யாவின் அம்மா முகம் மாறிவிட்டது. அவர் அரிவாள்மனையை ஒதுக்கி வைத்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அழுவாதீங்க டீச்சர். திங்கக்கெழமையே அனுப்பி வுட்டுடுறேன்."

ஃபேன்

பொதுத்தேர்வுக்கு எங்கள் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளியில் சென்டர். கணக்குப் பரீட்சையன்று எனக்கு அங்கே வேலை இல்லை, போகவும் கூடாது. ஆனாலும் முடிகிற நேரத்துக்குப் போய், ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நின்றேன். ஏற்கெனவே இரண்டு டீச்சர்கள் அங்கே நின்றார்கள், வேறு பள்ளிக்காரர்கள். நாங்கள் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் சரண்யா வந்தாள், தலையை மட்டும் ஆட்டினாள். யாஸ்மின் கேள்வித்தாளோடு வந்து, ஒரு கேள்வியில் அச்சுப்பிழை என்று சண்டைக்கு நின்றாள். வேல்முருகன் படம் இரண்டும் போட்டேன் என்று சொல்லிவிட்டு, ஸ்கேல் எழுதினேனா என்பது மறந்துவிட்டது என்று அழுகிற மாதிரி ஆனான். கடைசியில் பிரகாஷ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். எவ்வளவு எழுதினாய் என்று கேட்டேன்.

"கிராஃப் போட்டேன், படம் போட்டேன், ஒரு மார்க்கு எல்லாம் போட்டேன் டீச்சர். அப்புறம் ஃபேன் காத்து நல்லா வந்துச்சு."

ரிசல்ட்

ரிசல்ட் அன்றைக்கு ஹெச்.எம். அறையில் எல்லோரும் நின்றோம். கம்ப்யூட்டரில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹெச்.எம். ஜெபமாலையைப் பைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி நின்றோம். பக்கம் திறந்ததும் கிளார்க் ஒவ்வொரு பெயராகப் படித்தார். யாஸ்மின் கணக்கில் நூறு. சரண்யா பாஸ். பிரகாஷ் எல்லாவற்றிலும் பாஸ், தூங்கி எழுந்த கணக்கிலும் பாஸ். வேல்முருகன் பெயர் வந்ததும் கிளார்க் குரல் தாழ்ந்துவிட்டது. தமிழில் பாஸ், கணக்கில் பாஸ், இங்கிலீஷிலும் அறிவியலிலும்கூட எப்படியோ கரையேறிவிட்டான். சமூக அறிவியலில் நாலைந்து மார்க்கில் போய்விட்டது. பள்ளியில் ஃபெயில் ஆனது அவன் ஒருவன்தான்.

ஹெச்.எம். ஜன்னல் பக்கம் போய் நின்றார். மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமூக அறிவியல் சார் தன் பாடத்தில்தானா போக வேண்டும் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். வாசலில் வேல்முருகன் நின்றுகொண்டிருந்தான். மார்க்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவன் அதை விரல் வைக்காமல் வாசித்தான். மேலிருந்து கீழே போய், மறுபடி மேலே வந்து, ஒரே இடத்தில் நின்றுவிட்டான். ஃபெயிலைத்தான் பார்க்கிறான் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"நான் கணக்குல பாஸா டீச்சர்? எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா நம்பாது."

ஆகஸ்ட் மாதப் பாஸ்

லீவு முழுக்க அவனைத் துணைத்தேர்வுக்குத் தயார் செய்தோம். சமூக அறிவியல் சார் அக்னி நட்சத்திர வெயிலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து, அவனுக்கு மட்டும் வகுப்பெடுத்தார். கரண்ட் போனால் வேப்பமரத்தடி. மேப்பில் ஆறு வரைவதில் பையனை அடித்துக்கொள்ள ஆளில்லை, பதில் எழுதுவதுதான் பெரும்பாடு. அவனும் அழுதான், சாரும் ஒருநாள் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார், திரும்பி வந்தார். பரீட்சை எழுதினான். ஆகஸ்டு வாக்கில் ரிசல்ட் வந்தது. பாஸ். செல்வராஜ் அன்றைக்குக் குவாரிக்கு லீவு போட்டுவிட்டு, மகனை அரியலூர் ஐ.டி.ஐ.யில் சேர்க்கக் கூட்டிப்போகிற வழியில் பள்ளிக்கு வந்தார். எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

ஹெச்.எம். வேல்முருகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அதில் பொய்யே இல்லை. தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவன் பையில் குத்திவிட்டார். அவர்கள் பஸ் ஏறிப் போனதும் அவருக்கு ஒரு நப்பாசை வந்தது. இப்போது எல்லோரும் தேறிவிட்டார்களே, நம் சதவீதத்தைத் திருத்த முடியுமா என்று யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். ரொம்ப நேரம் 'சரிங்க, சரிங்க' என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸை ஒதுக்கி வைத்தார். புதுப் பத்தாம் வகுப்பில் ஏதோ சத்தம் கேட்டு நான் கிளம்பினேன். அவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது:

"அவன் பாஸ் போன வருஷத்துலயும் சேராதாம், இந்த வருஷத்துலயும் சேராதாம் டீச்சர்."

ஆக, அந்த வருஷம் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ், பள்ளிக்கூடம் மட்டும் ஃபெயில்.